வெங்காய டொக்டர் வாட்டுக்கு வருகிறார்

ஒரு தாய் பாடுபட்டுப் பிள்ளைக்குப் போட்டுவிட்ட உடுப்புகளை அவ்வளவு வேகமாகக் கழற்றிய மனிதர் இந்த உலகத்தில் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. எங்கள் மலைக் குளிருக்கு பெனியன், அதன்மேல் சட்டை, சுவெட்டர், இன்னொரு சுவெட்டர், எல்லாவற்றையும் மூடி ஒரு கம்பளி என்று கட்டித்தான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவோம். அவர் கட்டிலில் போட்டு ஒவ்வொன்றாக உரிப்பார். உரிக்க உரிக்கத் தாய்மார் கண்ணில் தண்ணீர் வரும். அதனால் வெங்காய டொக்டர். சொந்தப் பெயர் வாட்டில் கூடவே வேலை செய்த நர்ஸ் மிஸ்ஸிமாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். ஒரு வயது நிரம்பாத என் மகனுக்குச் சளிக் காய்ச்சல். நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளை வளர்ப்புப் புத்தகமெல்லாம் படித்தவள். படித்ததால் பயம் இரண்டு மடங்கு. இருமினால் பயம், இருமாவிட்டால் அதைவிடப் பயம்.

டொக்டர் என் பொட்டலத்தைப் பார்த்தார்.

"டீச்சர், உதுக்குள்ளை பிள்ளை இருக்கோ, இல்லாட்டி உடுப்பு மட்டும்தானோ?"

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. வெள்ளைக் கோட்டுக்குள்ளே தடித்த சுவெட்டர், கழுத்தைச் சுற்றி காதுவரைக்கும் பச்சை மஃப்ளர். அந்தக் கோலத்தில் என் பிள்ளையின் கடைசிப் பெனியனையும் அவர் தூக்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க மட்டும் இத்தனை போட்டிருக்கீங்களே, டொக்டர்?"

"எனக்கு நெஞ்சிலை சளி இல்லை, டீச்சர். எனக்கு இருக்கிற வருத்தம் யாழ்ப்பாணம்."

ஆஸ்பத்திரி வாட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்துப் பிள்ளையின் விலா எலும்புக்குக் கீழே வைத்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் உள்ளே இழுத்துக் குழி விழுந்தது. இத்தனை சுவெட்டருக்கு அடியில் பிள்ளை மூச்சுக்கு அடித்துக்கொண்டது எனக்குத் தெரியவே இல்லை.

"இதுதான் நிமோனியா. நாங்கள் ஊசி போடுறம், ஒட்சிசன் தாறம். நீங்கள் இந்தக் குழியைப் பாத்துக்கொண்டிருங்கோ. கூடினா கத்துங்கோ."

நான் கத்தினேன். குழி கூடினாலும் கத்தினேன், கூடியதுபோல் தோன்றினாலும் கத்தினேன். ஒருமுறை பிள்ளைக்கு விக்கல். அதற்கும் மனிதர் மஃப்ளர் பறக்க ஓடிவந்தார். "விக்கல்" என்றார். "பரவாயில்லை, கத்துங்கோ" என்று சொல்லிப் போனார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. பிள்ளைக்கு முதல் மொட்டை போடுவதாக நேர்த்திக்கடன். என் கணவர் குடையும் கையுமாக வந்து நின்றார்.

"டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லு. மாமா கொழும்புலேர்ந்து வந்துட்டாரு. மொட்டையப் போட்டுட்டுத் திரும்பக் கொண்டாந்து சேத்துருவோம்."

டொக்டருக்குக் கேட்டுவிட்டது. "நான் உடுப்பை உரிச்சா அழுறியள். நீங்கள் தலையையே உரிக்கப் போறியளோ? நான் டிக்கட் வெட்டமாட்டன்."

"நாங்களே கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போறோங்க" என்றார் கணவர்.

இனி முடிவு என் வாயில் இருந்தது. சாமிக் குற்றமாகுமா? வீட்டில் என்ன சொல்வார்கள்? பிள்ளையின் சட்டையைத் தூக்கினேன். குழி இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"இங்க பாருங்க, இது நெரம்புற வரைக்கும் நானும் வரமாட்டேன், புள்ளையும் வராது. சாமி காத்திருக்கும். மொட்ட போட்டே ஆகணும்னா மாமாவுக்குப் போடுங்க."

"அவருக்குத்தான் ஏற்கெனவே வழுக்கையாச்சே" என்றார் கணவர் பரிதாபமாக. குடையை மடித்துக் கட்டிலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. சரியாகத்தான் சொன்னேனா? பக்கத்துக் கட்டிலில் வேறொரு பிள்ளையை உரித்துக்கொண்டிருந்த டொக்டர் திரும்பாமலே சொன்னார்: "சரியாத்தான் சொன்னியள்."

திருவிழா முடிந்து, கொடியிறக்கி, மாமாவும் கொழும்புக்குப் போன பிறகு குழி நிரம்பியது. டிக்கட் வெட்டிய அன்று வாசலில் சாரல். புதுப் புத்தி வந்த நான் பிள்ளைக்கு ஒரே ஒரு சட்டைதான் போட்டிருந்தேன். டொக்டர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்ன டீச்சர் இது, இந்த மழைக்குள்ளை பிள்ளையை இப்பிடியே கொண்டு போகலாமோ?"

தன் பச்சை மஃப்ளரை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றினார். அவருக்கும் ஒரு கழுத்து உண்டென்று அன்றுதான் பார்த்தேன். மெலிந்த கழுத்து. குளிரில் மயிர்க்கூச்செறிந்து, எங்கள் பஸ் வளைவில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றது.