தாங்கும்காரர்

'தாங்கும்காரர்' என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஒரே பிளக்கில் இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, ஹீட்டர் மூன்றையும் சொருகிவிட்டு, ஒயர் கருகும் வாடைக்கு மனைவி மூக்கைப் பொத்தினால் "தாங்கும்" என்பார். துணி அடைத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுப்பார், அது வாயைப் பிளந்தாலும் "தாங்கும்" என்பார். ஆடுகிற ஸ்டூலில் உங்களை ஏறச் சொல்லி, கீழே நின்று தைரியம் கொடுப்பார். கவனித்தீர்களா? ஏறுவது நீங்கள்.

நெடுஞ்சாலையில் இன்னும் பெரிய, இன்னும் கனமான லாரிகளை விடலாமா என்று கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். நம்மவர் சும்மா இருப்பாரா? மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு லாரிச் சரக்கை ஒண்ணுல ஏத்தினா நெரிசல் பாதி, புகை பாதி! ரோடா? தாங்கும். பாலமா? அந்தக் காலத்துக் கட்டுமானம் சார், தாங்கும்!"

அந்தப் பாலத்தை அவர் கடைசியாகப் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக, அரைத் தூக்கத்தில்.

பின்வரிசையில் அவருடைய தங்கை கணவர் எழுந்தார். இருபது வருஷமாக அதே சாலையில் லாரி ஓட்டுகிறவர்.

"மச்சான், பாலத்துக்கு முன்னாடி இறக்கம் இருக்கு. இப்ப ஏத்தற பாரத்துக்கே, பிரேக்கை மிதிச்சா வண்டி யோசிச்சுத்தான் நிக்குது."

"அட, தாங்கும் மாப்ள!"

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, ஓட்டப்போறது இவருண்ணா!"

"நான்தான் சொல்றேன்ல? தாங்கும்மா."

ஒரே கைதட்டல். சம்மதம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் மண்டபம் முழுக்கக் கைகள். லாரிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து கீழே இறங்க எல்லோரும் லிஃப்டுக்குப் போனோம். எட்டுப் பேருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. ஒன்பதாவதாக லாரிக்காரர் கால் வைத்தார், மணி அலறியது. அவ்வளவுதான்! மூலையில் நின்ற நம்மவர், நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"நீங்க போங்க, நான் படியில வரேன். உடம்புக்கு நல்லது."

"ஏண்ணா, தாங்காதா?" என்றாள் தங்கை.

அவர் அதற்குள் பாதி மாடி இறங்கியிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு, "என் பீரோ நாளைக்கே வந்தாகணும், எப்படி ஏத்துவீங்களோ எனக்குத் தெரியாது" என்று ஒரு கையால் போனில் அதட்டிக்கொண்டே மறு கையைத் தூக்கிய ஒருவரையும் பார்த்தேன். உங்கள் ஜாடையாக இருந்தது. பீரோ வந்துவிட்டதா? இல்லையென்றால் இந்நேரம் அந்த இறக்கத்தில்தான் இருக்கும். ஓட்டுவது தங்கை கணவர்.