வட்டக்களரிக்காரனும் ஒரு கமராவும்

தொலைக்காட்சியில் நடித்தவன் என்றுதான் இன்றும் என்னை ஊரில் அறிமுகப்படுத்துவார்கள். எதை நடித்தேன் என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள்.

சுனாமிக்குப் பிறகு, ஏதோவொரு நிவாரணக் காசில் நாடகம் எடுக்க ஓர் இயக்குநர் வாழைச்சேனைக்கு வந்தார். மனைவியைக் கடலுக்குப் பறிகொடுத்த மீனவன் இருபது நிமிடம் அழுவான். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவான். (இரண்டுக்கும் என்ன தொடர்பென்று காசு கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.) கூத்தில் ராசா வேசம் கட்டிய நான்தான் மீனவன்.

எனக்கோ வேறு கவலை. நான் விரும்பிய விஜயாவின் அப்பா, "கூத்தாடுறவனுக்கு எண்ட புள்ளயக் குடுக்க ஏலா. ரீவியில முகத்தக் காட்டட்டும், மறுகா பாப்பம்" என்று சொல்லியிருந்தார்.

மாலையில் சோதனைச்சாவடி மூடிவிடும், அதற்குள் எடுத்து முடித்துப் போக வேண்டும் என்பதால் இயக்குநர் சரித்திரம் பேசினார். "ஆரம்ப காலத்துல ரீவி நாடகமெல்லாம் நேரடியாத்தான் போனது தம்பி. பிழை விட்டாப் பிழை விட்டதுதான். நாங்களும் ஒரே மூச்சில எடுப்பம்."

"ஓம் சேர்" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

வாவிக்கரையில் ஊரே சுற்றி நின்றது. கூத்து ஆடும் வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு முகம் காட்டாமல் விட்டால் அது பெரிய அவமரியாதை. ஆகவே கிழக்கே ஓர் அழுகை, தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. வடக்கே கமராக்காரர் மட்டும் தனியாக நின்றார். ஓர் ஆளுக்காக நூறு பேரைப் பகைக்க முடியுமா? இயக்குநர் இரண்டு கையையும் வீசினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் உருக்கமாக அழுதேன்.

நாடகம் ஒளிபரப்பான அன்று விஜயா வீட்டில் அயல் முழுக்கக் கூடியிருந்தது. திரையில் என் முதுகு விம்மியது. பிடரி கதறியது. இருபது நிமிடமும் என் சட்டையின் பின்பக்கக் கிழிசலை நாடு பார்த்தது. கல்யாணம் போய்விட்டதென்று வாசலில் என் செருப்பைத் தேடினேன்.

"முகம் எப்ப வரும் தம்பி?" என்றார் விஜயாவின் அப்பா.

கடைசியில் கை கழுவும் காட்சி வந்தது. திரை நிறைய என் கைகள் மட்டும்.

அவர் எழுந்து திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "கை சுத்தமாத்தான் கிடக்கு. குடுப்பம்."

போர் முடிந்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். கல்யாணப் பட அல்பத்தில் எல்லாப் படத்திலும் என் தோள்களை யாரோ பின்னாலிருந்து அழுத்திப் பிடித்திருப்பது தெரியும். பிள்ளைகள் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி விளக்கம் சொல்வார்கள்: "அது அம்மப்பாட கை. அப்பா சுத்திருவாரெண்டு பிடிச்சிருக்கார்."