எங்கள் வாசலில் நிற்கும் ட்ரெய்லர் சம்பந்தமாக

அன்புள்ள மாப்பிள்ளை மணிமாறனுக்கு,

வேடசந்தூரிலிருந்து அத்தான் தங்கமுத்து எழுதுவது. நீயும் தங்கச்சியும் மகள் கௌசல்யாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கருப்பசாமி துணை நிற்கட்டும். இங்கே உன் அக்கா சுந்தரம்மாளுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வாசல்தான் இல்லை. போனில் சொல்லியிருப்பேன். பாதியில் உன் அக்கா போனைப் பிடுங்கி அவள் கதையாக மாற்றிவிடுவாள் என்பதால் கடிதம்.

கௌசல்யா நிச்சயதார்த்தத்துக்கு நம் காரிலேயே வந்து, பிள்ளையை அதிலேயே மண்டபத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன் அல்லவா? கார் கழுவித் துடைத்துத் தயாராக நிற்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை. போன வாரம் மெயின் ரோட்டில் பாலவேலை என்று வண்டிகளை நம் தெருப்பக்கம் திருப்பிவிட்டார்கள். அப்படி வந்தது ஒரு ட்ரெய்லர். மேலே காற்றாலை இறக்கை, ஒன்றே ஒன்று. நம் வீட்டில் ஆரம்பித்தால் ரேஷன் கடையில்தான் முடிகிறது. இந்த மாதிரி வண்டியில் பின்சக்கரங்களை அச்சோடு சேர்த்து முன்னே இழுக்கலாம், பின்னே தள்ளலாம். அச்சு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பர்மிட்டில் கண்டிருக்கும். நம் தெருமுனை திரும்புவதற்காக டிரைவர் அச்சை முன்னே இழுத்திருக்கிறான். திரும்பிய பிறகு பழைய இடத்துக்குத் தள்ளப் பார்த்தால், பூட்டுக்கம்பி வளைந்து சிக்கிக்கொண்டது. இறக்கையின் வால் அளவுக்கு மீறிப் பின்னால் தொங்குகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார், டேப் பிடித்துப் பார்த்தார். "அச்சு பர்மிட்ல இருக்குற எடத்துக்கு வந்தாத்தான் வண்டி நகரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயந்தான் மாப்பிள்ளை. ஒரு சைக்கிள்காரன் தலையில் அந்த வால் இடித்தால் என்ன ஆகும்? ஆனால் அந்த நியாயம் நம் கேட்டுக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

டிரைவர் பெயர் முகேஷ்குமார், பீகார்க்காரன். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். "ஏலே, நான் காரை எப்படிடா வெளிய எடுக்குறது?" என்றேன். அவன் இரண்டு கையையும் கூப்பி, "நம்ம தப்புதான் பாபா," என்றான். மில்லில் அத்தனை வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். என்னிடம் இதுவரை யாரும் இப்படி உடனே ஒத்துக்கொண்டதில்லை. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன். பின்னாலிருந்து உன் அக்கா, "திட்டுறது இருக்கட்டும். அவன் சாப்டானான்னு கேட்டீகளா?" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு, மூன்று வேளையும் உருளைக்கிழங்கு வெஞ்சனம். எனக்கு வாயு என்பதே அவளுக்கு மறந்துபோச்சு. சிக்னல் நம் மொட்டைமாடியில்தான் கிடைக்கிறது என்று அவன் அடிக்கடி மேலே ஏறினான். ஊரில் அவன் பெண்சாதிக்கு நிறைமாசம், தலைப்பிரசவம். விஷயம் தெரிந்ததும் உன் அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "ஒருக்களிச்சுப் படு தாயி. வெறும் வயித்தோட இருக்காதே," என்று இவள் தமிழில் சொல்ல, அந்தப் பெண் அவள் பாஷையில் அழுதுகொண்டே ஏதோ சொல்ல, இவள் "ஆமா ஆமா, அப்படித்தான் இருக்கும், பயப்படாதே," என்கிறாள். "அவ பேசுறது உனக்குப் புரியுதா?" என்று கேட்டேன். "புள்ளத்தாச்சி பேசுறது புரியுறதுக்குப் பாஷை எதுக்கு?" என்கிறாள்.

நேற்று மத்தியானம் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகச் செய்தி வந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றார்கள். அத்தோடு லைன் கட்டாகிவிட்டது. முகேஷ் அந்தப் பாழாய்ப்போன அச்சின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கூப்பிட்டால் நிமிரவில்லை, தட்டைத் தொடவில்லை. உன் அக்காவும் சாப்பிடவில்லை. நான் அவன் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் மாடியில் கொடிக்கம்பம் மாதிரி நின்றேன். பொழுது சாயும்போது மணி அடித்தது. பெண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள். அவன் ஓடிவந்து உன் அக்கா காலில் விழுந்தான், என் காலில் விழுந்தான், வண்டியைப் பற்றிப் புகார் சொல்ல வந்த பக்கத்து வீட்டு ஸ்டீபன்ராஜைக் கட்டிப்பிடித்து அழுதான். புகார் சொல்ல வந்தவரும் சேர்ந்து அழுதார்.

இன்று காலையில் புதுக் கம்பி வந்தது. மெக்கானிக் அச்சைத் தள்ளி உரிய இடத்தில் பூட்டினான். இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்துச் சரி என்றார். நாளைக்கு வண்டி கிளம்ப வேண்டியதுதான். இறக்கையை இறக்கிய பிறகுதான் லீவு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். முகேஷ் சரி என்றுவிட்டான். போனில் குழந்தை முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாம் என்ன செய்ய முடியும், பிழைப்பு அப்படி. உனக்குத்தான் அந்தக் கம்பெனியில் சிநேகிதர் இருக்கிறாரே, நாளைக்குத் தவறினாலும் கடிதம் கண்டதும் வண்டியை எடுக்கச் சொல்லி அவரிடம் ஒரு வார்த்தை அழுத்திச் சொல். கார் சொன்னபடி வந்துவிடும். தங்கச்சிக்கு என் அன்பு. கௌசல்யா பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும்.

இப்படிக்கு,
அத்தான் தங்கமுத்து

பி.கு.: மாப்பிள்ளை, சிநேகிதரிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. உறையை ஒட்டப்போன நேரத்தில் முகேஷ் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவனுக்கு இப்போதே லீவு கொடுங்கள் என்று கம்பெனிக்கு நானே போன் போட்டேன். "வேற டிரைவர் வர ஒரு வாரமாகும் சார். அதுவரைக்கும் அம்புட்டுப் பெரிய சாமானை யாரு காவல் காக்குறது?" என்றார்கள். "நான் காக்குறேன்யா," என்று சொன்னது என் வாய்தான். அவனைத் திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு இப்போதுதான் வந்தோம். அந்த ஒரு வாரத்துக்குள் நிச்சயதார்த்தம் வந்துவிடுகிறது, உன் அக்கா பஸ்ஸில் வருவாள். காரும் நானும் வர முடியாது. கௌசல்யாவிடம் மாமாவை மன்னிக்கச் சொல். இனி இன்ஸ்பெக்டர் வந்து டிரைவர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று உன் அக்காவிடம் கேட்டேன். "பேத்தி பொறந்திருக்கா, பையன் பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க," என்கிறாள்.