பொட்டு வைத்த அளவுக் குப்பிகள்

படித்த படிப்பை வெளியாட்களிடம் காட்டி அசிங்கப்பட்டால் தப்பித்துக்கொள்ளலாம். சொந்தக்காரர்களிடம் காட்டினால் ஆயுசுக்கும் விமோசனம் கிடையாது.

சூரமங்கலத்தில் ஒரு பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்காவின் வீட்டுக்காரர் மல்லசமுத்திரத்தில் பழைய தெர்மாகோலை உருக்கிக் குருணையாக்கும் பட்டறை போட்டிருந்தார். முதல் பெரிய ஆர்டர். மூலக்கூறு எடை குறையவில்லை என்று சான்று வந்தால்தான் சரக்கை எடுப்போம் என்றது கம்பெனி.

"நம்ம புள்ள இருக்கறப்ப வேற எங்க போறது?" என்று மாமா சாம்பிளோடு வந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் இயந்திரத்துக்குத் தானாக எடை சொல்லத் தெரியாது. எடை தெரிந்த பொருள்களைக் குப்பிகளில் வைத்திருப்போம். முதலில் அவற்றைக் கரைத்து இயந்திரத்தின் குழாய் வழியே ஓடவிட்டு, எது எப்போது வெளியே வருகிறது என்று பார்த்து, அதோடு சாம்பிளை ஒப்பிட வேண்டும். அந்தக் குப்பிகளுக்குத்தான் ஆயுத பூஜையன்று நான் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தேன். (பக்தி!) ஈரத்துணியால் துடைத்தபோது லேபிளில் இருந்த எண்களும் கூடவே போய்விட்டன.

யாரையாவது கேட்டிருக்கலாம். மாமா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கேட்பது? சிறிய மூலக்கூறு சுறுசுறுப்பாக முதலில் ஓடிவரும், பெரியது அசைந்து அசைந்து கடைசியில் வரும் என்று நானே முடிவுகட்டி எண்களை ஒட்டினேன். நடப்பதோ நேர்மாறு. குழாய்க்குள் இருக்கும் மணிகளின் துளைகளில் சிறிசுகள் நுழைந்து நுழைந்து தாமதமாகும். பெரிசு எதிலும் நுழைய முடியாமல் நேரே வந்துவிடும். (தேர்வில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான்.)

மாமாவின் சரக்கு சீக்கிரமே வெளியே வந்தது.

"எடை ரொம்பக் குறைவுங்க மாமா. சூடு அதிகமாகிக் கெட்டுப்போச்சுங்க."

"நீ சொன்னா செரி சாமி," என்றவர், அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டார். "சரக்கு செரியில்லீங்க. எங்க புள்ளையே சொல்லிருச்சு."

மறுநாள் மேலாளர் என் வரைபடத்தைப் பார்த்து, "ஏம்மா, இறங்க வேண்டிய கோடு ஏறுது?" என்றார். எண்களைத் தலைகீழாக ஒட்டியது அப்போதுதான் உறைத்தது. திருத்தி ஓட்டிப் பார்த்தால் அருமையான சரக்கு! மல்லசமுத்திரத்துக்குப் பஸ் பிடித்து ஓடினேன். அதற்குள் ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது.

"ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவ?" என்று அக்கா பொரிந்து தள்ளினாள். மாமா, "உடு, புள்ள சாப்புடட்டும்," என்றார்.

பட்டறை இப்போது நன்றாகவே ஓடுகிறது. சாம்பிள் மட்டும் கோயம்புத்தூர் போகிறது.

போன தீபாவளிக்கு அக்கா மகளைப் பார்த்து, "எவ்வளவு வளந்துட்ட!" என்றேன். அவள் பதறியடித்து, உயரம் குறித்து வைத்திருக்கும் சுவரோரம் போய் நின்றாள்.

"அப்பா, சித்தி வளந்துட்டேங்குது. கொறஞ்சு போயிட்டனா பாருங்க!"

வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்காமல், "சித்திய அப்படிச் சொல்லக் கூடாது சாமி," என்றார்.

அவரும் சேர்ந்து சிரித்திருக்கலாம்.