டிக்கெட் இல்லாத ஒன்பது பேர்

பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். லேப்டாப் திரையின் நடுவில் அந்தச் சின்ன வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. சாயந்திரத்திலிருந்து இது ஏழாவது தடவை. ஸ்டோர் கீப்பர் பேனாவை மூடி வைத்தார்.

"இன்னிக்கு வியாழன். சனிக்கிழமை பரீட்சை. இந்த ஆள் வாயை மூடவே மாட்டேங்கிறாரே," என்றார்.

"பாவம், மூச்சு விட வேணாமா," என்றாள் மனைவி, காய்ந்த துணிகளை மடித்தபடி.

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். ஸ்டோர் கீப்பருக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். மருந்துக் கம்பெனிக் கிடங்கில் பத்தொன்பது வருடமாக அட்டைப்பெட்டிகளை எண்ணி உள்ளே அனுப்பி, எண்ணி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார். கிடங்கு இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில். அங்கே ஜன்னல் கிடையாது. வெளியே மழையா என்பதை, வருகிறவர்களின் குடை சொட்டுகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

போன மாதம் இரண்டாம் மாடியில், கம்ப்யூட்டர் பிரிவில், ஓர் உதவியாளர் இடம் காலியானது. அந்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "நெட்வொர்க்கிங் அடிப்படைப் பரீட்சை ஒண்ணு இருக்கு. வீட்டுலேருந்தே எழுதலாம். வர்ற மாசம் முதல் சனிக்கிழமைக்குள்ள பாஸ் பண்ணிக் காட்டுங்க, சீட்டு உங்களுக்கு. இல்லைன்னா வெளியிலேருந்து ஆள் எடுத்துடுவோம்," என்று சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு ஒரு கடுமையான விதி இருந்தது. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் நெட் அறுந்தால் பரீட்சை ரத்து. நாற்பத்தாறு வயதில் அவர் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்த ஜன்னல் அவருக்கு வேண்டும். அதை வெளியே சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

பாடப் புத்தகம் முந்நூற்றிருபது பக்கம். முதல் அத்தியாயம் வயர்களைப் பற்றியது, படமெல்லாம் போட்டிருந்தார்கள். "இது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று அதைத் தள்ளிவிட்டு நேரே கடினமான பகுதிக்குப் போய்விட்ட மனிதர் அவர். ஒன்பதாவது அத்தியாயத்தில்தான் அவருக்கு ஞானம் கிடைத்தது. வீட்டுக்கு நெட் கொடுக்கும் பெட்டிக்குள் எப்படி நுழைவது, அதில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது என்று அதில் விளக்கியிருந்தது.

எண்களைத் தட்டினார். உள்ளே நுழைய ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. கம்பெனி வைத்துக் கொடுத்ததை உலகத்தில் பாதிப் பேர் மாற்றுவதே இல்லை என்று புத்தகம் திட்டியிருந்தது. அதையே போட்டுப் பார்த்தார், கதவு திறந்தது. தானும் அந்தப் பாதியில்தான் என்பதில் கொஞ்சம் கூச்சம். பட்டியலைப் பார்த்ததும் கூச்சம் போய் ரத்தம் கொதித்தது.

"நம்ம வீட்டுல நெட் யார் யாருக்கு? என் லேப்டாப், என் ஃபோன், அம்மா ஃபோன், உன் ஃபோன், தாத்தாவோட டிவி. அஞ்சு. இங்க பதினாலு காட்டுது. பதினாலுல அஞ்சு போனா?"

"ஒன்பது," என்றாள் எட்டாம் வகுப்பு மகள், தலையைத் தூக்காமல்.

"ஒன்பது பேர் நம்ம நெட்டைத் திருடிக்கிட்டிருக்காங்க."

கூடத்தில் டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், கண்டக்டர் தன்மையிலிருந்து அல்ல.

"டிக்கெட் இல்லாம ஒன்பது பேரா?" என்றார். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒருத்தனை விட்டதில்ல மாப்ள. பாதி வழியில இறக்கிவிட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"எப்படி மாமா கண்டுபிடிப்பீங்க?"

"முழியே சொல்லிடும்."

"இங்க முழி தெரியாது மாமா, நம்பர்தான் தெரியுது." ஸ்டோர் கீப்பர் திரையை உற்றுப் பார்த்தார். "அட, வைஃபைல சேர பாஸ்வேர்டே இல்லாம தொறந்து கிடக்கு. இதை யாரு இப்படி விட்டது?"

"குடிவந்த அன்னிக்கு என் தம்பிதான் எல்லாத்தையும் சேத்துக் குடுத்தான்," என்றாள் மனைவி. "ஒரு தட்டுத் தட்டினான், வந்துடுச்சு."

"வராம என்ன செய்யும், தொறந்த வீடு. எது வேணா நுழையும்."

"என் தம்பியை ஒரு சொல்லு சொல்லலைன்னா உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே."

ஸ்டோர் கீப்பர் பட்டியலில் அதிகமாக நெட் குடிக்கிறவன் எவன் என்று பார்த்தார். ஒருவன் தண்ணீர் லாரி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தான். அவனைத் தடை செய்தார்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "மாப்ள, குண்டன் அவனைத் தலைக்கு மேல தூக்கிட்டான். இன்னும் கீழ போடல."

டிவியைத் தடை செய்திருக்கிறார். அந்தத் தடையை நீக்கிவிட்டு அடுத்தவனைத் தடுத்தார். சமையலறையில் அக்காவுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்த மனைவி ஃபோனும் கையுமாக வந்து நின்றாள்.

"அவ மாமியார் என்ன கேட்டாங்கன்னு சொல்ல வாயைத் தொறந்தா. அத்தோட நின்னுபோச்சு. திருடனைப் பிடிக்கிறேன்னு பொண்டாட்டியைப் பிடிச்சா எப்படி?"

நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது விளங்கியது. ஸ்டோர் கீப்பர் கிடங்கு வழக்கத்துக்குத் திரும்பினார். பதிவேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். வீட்டிலுள்ளவர்கள் தத்தம் கருவியோடு வரிசையில் வர வேண்டும். ஒவ்வொன்றின் பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணும் எழுதப்படும். அந்த ஐந்து தவிர எதுவும் உள்ளே வராதபடி பெட்டிக்கு உத்தரவு போடப்படும்.

"கைநாட்டு வைக்கணுமா?" என்றாள் மனைவி.

"டிவியை எப்படி மாப்ள வரிசையில நிறுத்தறது?" என்றார் மாமனார்.

உத்தரவு போட்டாயிற்று. ஒன்பது பேரும் ஒரே அமுக்கில் வெளியே போனார்கள். கூடவே ஸ்டோர் கீப்பரும் போனார். தன் லேப்டாப்பின் எண்ணில் எட்டைப் பூஜ்யம் என்று எழுதிவைத்திருந்தார். பெட்டி அவரை அந்நியன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

மகளின் ஃபோன் வழியாகத்தான் திரும்ப உள்ளே போக முடிந்தது. அவள் சும்மா தரவில்லை. தினமும் அரை மணி நேரம் கூடுதலாக ஃபோன் பார்க்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு தந்தாள். தன் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அந்த அவமானத்திலும் அவருக்கு ஒரு நிம்மதி.

இத்துடன் விட்டிருக்கலாம். மாமனார் விடவில்லை.

"இறக்கிவிட்டா மட்டும் போதாது மாப்ள. நாலு பேர் பாக்கிற மாதிரி எழுதிப் போடணும். அப்பத்தான் அடுத்தவன் ஏறமாட்டான்."

அது நியாயமாகவே பட்டது. வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன், அக்கம்பக்கத்து ஃபோன்களிலெல்லாம் தெரிகிற அந்த வைஃபை பெயரை அழித்துவிட்டு, 'திருடர்களே வெட்கமாயில்லையா' என்று வைத்தார். பாஸ்வேர்டும் போட்டார். புத்தகம் சொன்னபடி பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து இருபத்துநான்கு எழுத்து.

அதை டிவியில் ரிமோட்டால் அடிக்க மாமனாருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. இருபத்துமூன்றாவது எழுத்தில் கை வழுக்கியது. இரண்டாம் முறை உட்கார்ந்தார். மாலையில் மருமகன் வீடு திரும்பியபோதும் அவர் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

"குண்டன் இன்னும் தூக்கிக்கிட்டே நிக்கிறானா மாமா?"

"உன் பரீட்சை முடியட்டும், பேசிக்கிறேன்," என்றார் அவர்.

அப்போது வாசல் மணி அடித்தது. மாடி வீட்டுக் கணக்கு டீச்சர் நின்றிருந்தார். வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர். மெதுவாகப் பேசுகிற, யாருக்கும் தொந்தரவு தராத குடும்பம் அவருடையது.

"தப்பா நினைக்காதீங்க சார். நேத்து சாயந்திரத்திலேருந்து எங்க வீட்டுல யாருக்குமே நெட் வரல. பிள்ளைங்க கிளாஸுக்குக் காத்துக்கிட்டிருக்கு. நீங்க இது சம்பந்தமா பெரிய படிப்பு படிக்கிறதா உங்க பொண்ணு சொல்லிச்சு."

பெரிய படிப்பு என்ற சொல் ஸ்டோர் கீப்பரின் முதுகைத் தானாக நிமிர்த்தியது.

"திருட்டு மேடம், வேற ஒண்ணுமில்ல," என்றார். "எங்க நெட்டுலயே ஒன்பது பேர் உக்காந்திருந்தாங்க. நேத்துதான் அடிச்சு விரட்டினேன். இங்கேருந்து இறங்கினவங்க நேரா உங்க வீட்டுல ஏறிட்டாங்க போலிருக்கு."

"ஐயையோ. அதான் ஃபோன்ல 'திருடர்களே வெட்கமாயில்லையா'ன்னு என்னவோ வருது சார். யாரைச் சொல்றாங்கன்னு தெரியல. பாக்கவே கூச்சமா இருக்கு."

"அது நான் வச்சதுதான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க, அது திருடங்களுக்கு. நாளைக்குப் பரீட்சை, இல்லைன்னா நானே மேல வந்து பாத்திருப்பேன். நீங்க கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஆளை வரச்சொல்லுங்க. விட்டுடாதீங்க, அதட்டிச் சொல்லுங்க."

"உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க கீழ இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு தைரியம்," என்று சொல்லிவிட்டுப் படியேறினார் டீச்சர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது. கேமராவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் மேசைக்கு அடியில் காட்டச் சொன்னது, கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னது, இரண்டு காதையும் திருப்பிக் காட்டச் சொன்னது. கதவுக்கு வெளியே மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். டிவி அணைக்கப்பட்டது. மனைவி தன் ஃபோனை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள், கை துறுதுறுக்குமென்று.

நாற்பது கேள்விகள். இருபத்தெட்டு சரியாக இருக்க வேண்டும். வட்டம் சுற்றுகிறதா என்று ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்துக்கொண்டார். ஆனால் நெட் ஒரு முறைகூட நிற்கவில்லை, விடிகாலை முதல் பஸ் மாதிரி காலியாக, ஜம்மென்று ஓடியது. ஒரு கேள்வி, வேண்டாத ஆட்கள் நெட்வொர்க்கில் நுழையாமல் தடுப்பது எப்படி என்று கேட்டது. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்றது பெண்குரல்.

பதினொன்றே காலுக்குத் திரையில் பச்சை எழுத்தில் வந்தது. முப்பத்தொன்று. தேர்ச்சி.

கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மகள் குதித்தாள். மாமனார் தோளில் தட்டினார். ஸ்டோர் கீப்பர் சர்ட்டிபிகேட்டை மேனேஜருக்கு அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. 'திங்கட்கிழமையிலிருந்து மேலே வந்துவிடுங்கள்.' அவர் அதை மூன்று முறை வாசித்தார். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும், பாத்து உக்காருங்க," என்றாள் மனைவி.

மாமனார் கொண்டாட்டமாக டிவியைப் போட்டார். படம் வந்தது, ஐந்து நிமிடம் ஓடியது, நின்றது. மகளின் ஃபோனிலும் நின்றது. அரிசி டப்பாவிலிருந்து வெளியே வந்த ஃபோனிலும் ஒன்றுமில்லை.

"அப்பா, 'வெட்கமாயில்லையா'வையே காணோம்பா," என்றாள் மகள்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் பாஸ் செய்தவர். இப்படி ஒரு பார்வைக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தவர்.

"யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்," என்றார்.

கூடத்து மூலையில் பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அணைத்துப் போட்டார். விளக்குகள் மினுக்கின. சின்ன ஓட்டையில் ஊசியால் குத்திப் பெட்டியில் பதிந்திருந்த எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தார். முகவரி வழங்குவதில் கோளாறு என்றார். கால் மணி நேரம் கழித்து, பெயரை எண்ணாக மாற்றுகிற இடத்தில் கோளாறு என்றார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு, "பழிவாங்குறானுங்க மாமா. ஒன்பது பேரும் ஒண்ணு சேந்துட்டானுங்க," என்றார்.

வாசல் மணி அடித்தது. நெட் கம்பெனியின் சீருடை போட்ட ஓர் ஆள், தோளில் ஏணியும் கையில் ஒரு சுருள் வயருமாக நின்றிருந்தார்.

"மாடியில டீச்சரம்மா வீட்டு வேலை முடிஞ்சுது சார். எவனோ உள்ள புகுந்து வீட்டுக்காரங்களையே வெளிய தள்ளியிருக்கான். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா பூட்டுப் போட்டுக் குடுத்துட்டேன்."

"எவன்னு கண்டுபிடிங்க, விட்டுடாதீங்க தம்பி," என்றார் மாமனார்.

"உள்ள வாங்க, இங்கயும் அவனுங்க வேலைதான்," என்று ஸ்டோர் கீப்பர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். "நானும் இதுல பாஸ் பண்ணவன்தான். பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன், பிடிபடல."

வந்தவர் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வயர் சுருளைத் தரையில் இறக்கி வைத்தார்.

"நாங்கதான் சார் மன்னிப்புக் கேக்கணும், பெட்டியை மட்டும் வச்சுட்டுப் போய் நாலு மாசமாச்சு, உங்க வீட்டுக்கு வயர் இழுக்கவே இன்னிக்குத்தான் வந்திருக்கோம்."