செய்து காட்டாமல் விடாத பேராசிரியர்

வாசகரே, பேசியே கொல்கிறவர்களிடமிருந்து தப்பிக்கலாம், தூங்கிவிட்டால் போதும். செய்து காட்டுகிறவர்களிடம் அது நடக்காது. "இதைச் சித்த பிடியுங்கோ" என்று கையில் எதையாவது திணித்துவிடுவார்கள்.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவரைப் பார்க்கத் திருவனந்தபுரம் வலியசாலைக்கு வாருங்கள். பொறியியல் பேராசிரியர் அனந்தநாராயணன், தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து, சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகங்களை ஆராய்கிறார். பால்காரரும், சிலிண்டர் கொண்டுவருகிறவரும், துக்கம் விசாரிக்க வந்தவர்களும்கூட அவருடைய கம்பியை முறுக்கி, வெந்நீரில் போட்டு, அது நிமிர்வதைப் பார்த்து, "அடேயப்பா!" சொன்ன பிறகே படியிறங்கலாம். சொல்லாதவர்களுக்கு? இன்னொரு தடவை வெந்நீர்.

அன்று மகள் திவ்யலட்சுமியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அவளுக்கே பிடித்துப்போய், அவளே வீட்டில் சொன்னவன். அவன் அப்பா வெங்கடசுப்ரமணியன் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தக் கம்பியைத் தொடப்படாது, கேட்டேளா?" என்றாள் மனைவி வாலாம்பாள்.

"நான் என்ன குழந்தையா?" என்று கம்பியை அவளிடமே ஒப்படைத்தார். பாவம், நல்ல எண்ணம்தான்.

கேசரி வந்தது, காப்பி வந்தது. காப்பி ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்த வெங்கடசுப்ரமணியன் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்:

"சாருக்கு எதுலயாக்கும் ஆராய்ச்சி?"

போச்சு! கம்பி இல்லாவிட்டால் என்ன, கண்ணாடி இருக்கிறதே! பேராசிரியருடைய பிரேமும் அதே உலோகம்தான். எப்படி மடக்கினாலும் நிமிரும். மேஜையில் இருந்ததை எடுத்தார். "இதைப் பாருங்கோ!" முறுக்கினார்.

படக்!

"அப்பா, உங்க கண்ணாடி உங்க மூக்குலயாக்கும் இருக்கு!" என்று அலறினாள் திவ்யா.

"பயப்படாதே. வாலாம், வெந்நீர் கொண்டா!"

இரண்டு துண்டுகளும் டம்ளரில் இறங்கின. இரு வீட்டாரும் தலையோடு தலை முட்ட எட்டிப் பார்த்தார்கள். சாதாரண பிளாஸ்டிக், அசையவே இல்லை. அப்போதுதான் பேராசிரியர் மகளுடைய முகத்தைப் பார்த்தார். டம்ளரை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெங்கடசுப்ரமணியன் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார். "பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னார். "ஒரே கண்டிஷன். சம்பந்தி மண்டபத்துக்கு வெறுங்கையோட வரணும்."

திவ்யா சிரித்தாள். வாலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேராசிரியருக்கோ துக்கம் தாங்கவில்லை. அத்தனை ஜனம் வருமே! சமையல்கட்டில் அண்டா அண்டாவாக வெந்நீர் கொதிக்குமே!

சிரிக்கிறீர்களா? "இதைக் கொஞ்சம் கேளேன்" என்று, அடுக்களையில் வேலையாக இருப்பவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்ட இப்போதே வாயெடுத்துவிட்டீர்கள், இல்லையா? கூப்பிடுங்கள். அவர் "அடேயப்பா!" சொல்லும்வரை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.