பிகோனியாவை நேர் செய்த கதை

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது. அந்தப் பிரிவில் குப்பை கொட்டும் நானே சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், மயிரிழை கோணல் இருந்தாலும் எடுத்துத் தனியே போடுவதுதான் என் பிழைப்பு. (கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் கட்டிய வாழைமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.) இப்படி ஒரு ஜென்மத்துக்கு வரன் தேடியே என் அம்மாவின் செருப்பு தேய்ந்து போயிருந்தது.

கடைசியில் ஆவடி பக்கம் பருத்திப்பட்டில் ஒரு வரன் அமைந்தது. பெண் பெயர் நந்தினி. ஐ.டி.யில் வேலை, செடி வளர்ப்பதில் பைத்தியம். அம்மா, தாய்மாமன், நான் என்று மூன்று பேரும் கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பினோம். அந்த வீட்டில் எதைப் பார்த்தும் அது கோணல், இது சொத்தை என்று வாயைத் திறந்தால் நான் தன் பிள்ளையே இல்லை என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கேசரி, பஜ்ஜியெல்லாம் ஆனதும், இந்தக் காலத்து வழக்கப்படி, தனியாகப் பேசிவிட்டு வாருங்கள் என்று எங்கள் இருவரையும் பால்கனிக்கு அனுப்பினார்கள். அங்கே வரிசையாகத் தொட்டிகள். ஆவடி வெயிலில் மனிதனே வதங்கிப்போகிறான். இவளோ பச்சை வலை கட்டி, தட்டுகளில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டிகளை வைத்து ஒரு குட்டி மலைப்பிரதேசமே உண்டாக்கியிருந்தாள். எல்லாம் பிகோனியாவாம். பூவைவிட இலைதான் இதற்கு அழகாம். நடுவில் வெள்ளி பூசினாற்போல் ஒரு பட்டை, ஓரமெல்லாம் நாவல்பழ நிறம், திருப்பினால் அடியில் செக்கச்செவேல். ஒவ்வொரு இலையையும் விரலால் நிமிர்த்திக் காட்டிக் காட்டிப் பேசினாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அப்போதே கவலைப்பட ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவள் காபி எடுத்துவரப் போனாள். நான் தனியே நின்றேன். ஸ்டூல்மேல் கத்தரிக்கோல் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், ஒரு இலைகூட ஒழுங்காக இல்லை. நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்து, எல்லாமே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தன. பாவம், வேலைக்குப் போகிற பெண், கவனிக்க நேரமில்லை போலிருக்கிறது என்று மனம் உருகினேன். (மரமண்டை.) ஒன்றைச் சரிசெய்து காட்டினால் அசந்துபோவாள் என்று, பெருத்த பக்கத்தை நறுக்கி இரண்டு பக்கத்தையும் சமமாக்கினேன். லட்சணமாக இருந்தது. ஆனால் பக்கத்து இலை இப்போது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் வெட்டினேன். அப்புறம் கை நிற்கவில்லை.

அவள் காபியோடு வந்தபோது ஒரு தொட்டியை முடித்துவிட்டு, அடுத்ததில் பாதி வந்திருந்தேன்.

"என்ன பண்றீங்க?"

"எல்லாம் கோணலா இருந்துச்சுங்க. நேர் பண்ணிட்டிருக்கேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவள் கத்தவில்லை. காபியைக் கீழே வைத்தாள். "பிகோனியா இலையே கோணல்தாங்க. அதை வச்சுதான் அது பிகோனியான்னே சொல்லுவாங்க" என்றவள், நான் வெட்டிப் போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அந்தக் காபியைக் குடிக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. (குடித்தேன்.)

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மாமா ஆரம்பித்தார். "பொண்ணு பாக்கப் போன ஊட்ல செடிக்குக் கிராப்பு வெட்டிட்டு வந்துகீறியே நைனா, உனக்கு இன்னாத்துக்குக் கண்ணாலம்?" முன்பின் தெரியாதவர்களெல்லாம் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை என் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுவாரம் நந்தினியே போன் செய்தாள். இலைத் துண்டை ஈர மண்ணில் பதித்து வைத்தால், நரம்பிலிருந்து புதுச் செடி கிளம்புமாம். வெட்டியவன்தான் வந்து நட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். போனேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். தண்ணீரை அதிகம் ஊற்றித் திட்டு வாங்கினேன், ஊற்றாமல் விட்டும் திட்டு வாங்கினேன். கடைசியில் நெல்லளவு துளிர் ஒன்று எட்டிப் பார்த்த அன்று, "சரி, உங்க வீட்டுல வந்து பேசச் சொல்லுங்க" என்றாள். அந்தத் துளிரும் கோணல்தான். நான் மூச்சுவிடவில்லை.

கல்யாணத்தில் பழி தீர்த்தாள். நெருங்கிய சொந்தங்களுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு பிகோனியாத் தொட்டி, கூடவே அது பிறந்த வரலாறு. இன்றைக்கும் பூந்தமல்லி வரை எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தொட்டி உள்ளறைக்குப் போய்விடுகிறது.

சென்ற வாரம் எங்கள் மகளுக்குப் பால்பல் விழுந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருந்தது, கொஞ்சம் சாய்வாக. சும்மா பார்க்கலாமே என்றுதான் பக்கத்தில் போனேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, அப்பா என் பல்லையே பாக்கறாரு."